வைரி இறங்கிய ஓடுபாதை

பறவைகளின் பெயர்களிலிருந்து தொடங்குகிறேன். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை தரையிலிருந்த தன் விமானத்தளங்களையும் கப்பல்களாகவே பாவித்தது. அசையாமல் கிடக்கும் ஓடுபாதைக்கும் நான்கு கொட்டகைகளுக்கும் ஒரு போர்க்கப்பலுக்குரிய பெயரும் மரியாதையும் உண்டு. விமானத்தளங்களுக்குப் பறவைப் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தபோது அவர்கள் இங்குள்ள பறவைகளை இங்குள்ள சொற்களாலேயே அழைக்க முடிவுசெய்தார்கள். தாம்பரத்துத் தளம் 'வல்லூறு' ஆயிற்று. கொச்சித் தளம் 'கழுகு'. இலங்கையில் கட்டுகுருந்தவுக்கு 'உகுஸ்ஸா', புத்தளத்துக்கு 'ராஜாளிய' என்று சிங்களப் பெயர்கள். 1942-இல் கோயமுத்தூரில் அமைந்த தளத்துக்கு 'கருடா' என்று பெயர். 1945-இல் அதற்குத் துணையாகச் சூலூரில் அமைந்ததே 'வைரி'.

வைரி என்றால் பகைவன் என்பதுதான் நமக்கு உடனே நினைவுக்கு வரும். வேட்டைப்பறவைகளுள் ஒருவகைக்கும் அதுவே பெயர். எந்த வெள்ளைக்கார அதிகாரி, எந்த அகராதியைப் புரட்டி, யாரிடம் கேட்டு அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தாரோ! அவருக்கு அந்த இரட்டைப் பொருள் தெரிந்திருந்தால் நிச்சயம் ரசித்திருப்பார்.

ஆனால் பெயரில் இருந்த நகமும் அலகும் அந்தத் தளங்களின் வேலையில் இல்லை. கருடா, வைரி இரண்டுமே பழுதுபார்ப்புத் தளங்கள். இந்தியப் பெருங்கடலில் இயங்கிய விமானந்தாங்கிக் கப்பல்களுக்கு வேண்டிய விமானங்களைக் கோத்துத் தருவதும், அடிபட்டு வந்தவற்றைச் சரிசெய்து திருப்பியனுப்புவதுமே அவற்றின் பணி. கோயமுத்தூரை ஏன் தேர்ந்தார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியிருந்தன. கடற்கரையில் இருப்பது ஆபத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியே கொச்சித் துறைமுகத்துக்கு ரயில்பாதை இருந்தது. பஞ்சாலைகளின் புண்ணியத்தில் இயந்திரத்தைக் கண்டு மிரளாத ஒரு தலைமுறைத் தொழிலாளர்கள் இங்கே உருவாகியிருந்தார்கள். ஜி.டி. நாயுடு பேருந்துகளை ஓட்டத் தொடங்கி இருபதாண்டுகளுக்கு மேலாகியிருந்தது. நாட்டின் முதல் மின்மோட்டார்களுள் ஒன்று 1937-இல் இந்த ஊரில் உருவாகியிருந்தது.

ஆகவே சூலூர் வானூர்திகளின் வரலாற்றுக்குள் நுழைந்தது போர்க்களமாக அன்று, பட்டறையாக. எண்பதாண்டுகளுக்குப் பின்னும் அந்தத் தன்மை மாறவில்லை என்பது என் எண்ணம். திருச்சி சாலையில் காங்கயம்பாளையத்தைக் கடக்கும்போது மதிலுக்கு அப்பால் தெரியும் அந்த விமானப்படைத்தளத்தில்தான் 5ஆவது பழுதுபார்ப்புக் கிடங்கு இன்றும் இயங்குகிறது. தேஜஸ் பறப்பதைக் கைபேசியில் படம்பிடிக்க நிற்கும் இளைஞர்கள் அதைப் பற்றிக் கேட்பதில்லை. எனக்கோ சூலூரின் கதையை அந்தக் கிடங்கின் பக்கம் நின்று சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது. ஏனென்றால் ஒரு நாடு தன் பழைய விமானத்தை எப்போது கைவிடுகிறது, புதியதை எப்போது வாங்குகிறது என்ற கேள்வியின் பளு முழுவதும் கடைசியில் இறங்குவது பழுதுபார்ப்பவன் கையிலும், அவன் சரிசெய்து கொடுத்ததில் ஏறி அமர்பவன் தலையிலும்தான்.

*

போர் முடிந்ததும் கருடாவும் வைரியும் 1946-இல் மூடப்பட்டன. அமெரிக்காவிடமிருந்து கடன்-குத்தகை ஏற்பாட்டில் பிரிட்டன் பெற்ற கோர்சேர், ஹெல்கேட் போன்ற விமானங்களுக்கு நேர்ந்த கதி விசித்திரமானது. ஒப்பந்தப்படி அவற்றை விலைகொடுத்து வாங்கவேண்டும், அல்லது திருப்பித்தரவேண்டும், அல்லது அழிக்கவேண்டும். அழிப்பதே மலிவு. உலகின் பல கடல்களில் நல்ல நிலையிலிருந்த விமானங்கள் கப்பல் தளங்களிலிருந்து நீருக்குள் தள்ளப்பட்டன.

இதற்கு நேரெதிரான காட்சி ஒன்று அடுத்த இரண்டாண்டுகளில் வடக்கே கான்பூரில் நடந்தது. அங்கே போர்க்காலத்து லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் மலைபோலக் குவிந்து கிடந்தன. யாரும் மீண்டும் பயன்படுத்திவிடக் கூடாதென்று அவற்றைச் சேதப்படுத்திவிட்டே போயிருந்தார்கள். விடுதலையடைந்த இந்தியாவிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை, வாங்கப் பணமும் இல்லை. பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர் கான்பூருக்குப் போய், ஒன்றின் இறக்கையை இன்னொன்றின் உடலோடு சேர்த்து, ஓரளவு பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். ஜிம்மி முன்ஷி என்ற சோதனை விமானி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். அங்கே முழுமையாகச் செப்பனிடப்பட்டு, 1948 இறுதியில் அவற்றைக் கொண்டு ஒரு ஸ்குவாட்ரன் உருவானது. குப்பையிலிருந்து எழுந்த அந்த விமானங்கள் 1968 வரை சேவையில் இருந்தன.

இது வியந்து போற்றவேண்டிய செயல்தான். ஆனால் அந்த வியப்பிலேயே ஒரு நோயின் விதையும் இருந்ததோ என்ற சந்தேகம் எனக்குண்டு. இல்லாமையில் பிறந்த சாமர்த்தியம், இல்லாமை நீங்கிய பின்னும் வழக்கமாக நீடித்தது. பழையதை இன்னும் கொஞ்சகாலம் ஓட்டமுடியும் என்று நிரூபித்துக்காட்டும் திறமைசாலிகள் இருக்கும் நாட்டில், புதியதை வாங்கும் கோப்பு மெதுவாகத்தான் நகரும்.

*

சூலூருக்குத் திரும்புவோம். இந்தியக் கடற்படை தன் முதல் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தை 1961 மார்ச்சில் பெல்ஃபாஸ்டில் பெற்றது. அதிலிருந்து பறக்கவேண்டிய ஸீ ஹாக் ஜெட் விமானங்களுக்குத் தரையில் ஒரு வீடு தேவைப்பட்டது. அந்த வீடு சூலூர். 1961 செப்டம்பரில் 'ஐ.என்.எஸ். ஹன்ஸா' இங்கேதான் தொடங்கப்பட்டது. வைரி இருந்த இடத்துக்கு அன்னம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கோவா விடுதலையாயிற்று. டபோலிமில் கடலோரமாகவே நல்ல ஓடுபாதை ஒன்று கிடைத்தது. 1964-இல் அன்னம் அங்கே பறந்துபோய்விட்டது. இன்றும் ஹன்ஸா கோவாவில்தான் இருக்கிறது. அது சூலூரில் பொரித்த முட்டை என்பது கடற்படைக்காரர்களுக்கே பலருக்குத் தெரியாது.

ஸீ ஹாக்கை வாங்கிய முடிவைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். அந்த விமானம் முதலில் பறந்தது 1947-இல். இந்தியக் கடற்படைக்கு அது வந்து சேர்ந்த 1960-இல் உலகம் ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஸீ ஹாக்கோ நேரான இறக்கைகளும் ஒலிக்குக் குறைந்த வேகமும் கொண்டது. ஏன் வாங்கினார்கள்? விக்ராந்த் சிறிய கப்பல். அதன் தளத்தின் நீளமும், விமானத்தை எறியும் நீராவிக் கவணின் வலிமையும், தூக்கியின் அகலமும் சேர்ந்துதான் எந்த விமானம் என்பதைத் தீர்மானித்தன. கப்பலை வாங்கியபோதே விமானமும் முடிவாகிவிட்டது. பின்னர் மேற்கு ஜெர்மனி தன் கடற்படைக்கு வேண்டாமென்று ஒதுக்கிய 28 ஸீ ஹாக்குகளையும் நாம் வாங்கிக்கொண்டோம். பிறர் கழித்தவை நமக்கு உதிரிபாகங்களாகவும் ஆயுள்நீட்டிப்பாகவும் ஆயின.

1971 டிசம்பர் 4 அன்று விக்ராந்திலிருந்து எழுந்த ஸீ ஹாக்குகள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. எதிர்த்துவரப் பெரிய விமானப்படை அங்கே இல்லாதபோது, கிழட்டு விமானமும் போதுமானதாக இருந்தது. ஒரு ஸீ ஹாக்கும் இழக்கப்படவில்லை. இந்த வெற்றியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் போரில் வென்ற பழைய விமானம், மாற்றவேண்டும் என்று வாதிடுபவர்களின் வாயை அடைத்துவிடுகிறது. அதற்குப் பதிலாக ஸீ ஹாரியர் கோவாவில் வந்திறங்கியது 1983 டிசம்பரில். முதல் பறப்பிலிருந்து கணக்கிட்டால், ஸீ ஹாக் என்ற வடிவத்துக்கு அப்போது வயது 36.

*

கொங்குநாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் என்ன செய்வது என்பதே அது. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்து மோட்டாரைத் தூக்கிக்கொண்டு காயில் கட்டும் கடைக்குப் போயிருந்தேன். அது ஐந்தாவதோ ஆறாவதோ முறை. கடைக்காரர் கழற்றிப்பார்த்துவிட்டு, "இதுக்கு மேல காயில் கட்டறது வீணுங்க. ஒவ்வொரு தடவையும் கரண்டு ஜாஸ்தி இழுக்கும், தண்ணி கம்மியாத்தான் வரும்," என்றார். "அப்ப புதுசு வாங்கிறலாம்ங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "வாங்கோணும்ங்க. ஆனா நீங்க வாங்கற வரைக்கும் தண்ணி பாயோணுமல்லங்க," என்று சொல்லியபடியே செம்புக்கம்பியை எடுத்தார்.

நான் புதியதை வாங்கவில்லை என்பதைச் சொல்லிவிடவேண்டும். விவசாய மின்சாரம் இலவசம். பழைய மோட்டார் அதிகமாக உறிஞ்சும் மின்சாரம் என் கணக்கில் ஏறுவதில்லை. காயில் கட்டும் கூலி சிறுசிறு தொகையாகப் போகிறது. புதிய மோட்டாரின் விலையோ ஒரே நாளில் கையிலிருந்து போகும்.

அரசின் கணக்குப்புத்தகமும் இப்படித்தான் இயங்குகிறது. பாதுகாப்பு ஒதுக்கீட்டில் மூலதனச் செலவு வேறு, வருவாய்ச் செலவு வேறு. புதிய விமானம் முதலாவதில் வரும்; பழையதன் உதிரிபாகமும் பராமரிப்பும் இரண்டாவதில். பழுதுபார்ப்பின் விலை ஆயிரம் சிறு கையெழுத்துகளில் சிதறிக் கிடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கொள்முதலின் விலை ஒரே எண். நாளிதழின் முதல் பக்கத்தில் வரும். அதன்கீழ் ஒரு அமைச்சரின் கையெழுத்து இருக்கும். போஃபர்ஸ் விவகாரத்துக்குப் பின் அந்தக் கையெழுத்தைப் போட எத்தனை பேர் தயங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம். முடிவெடுத்ததற்காக விசாரிக்கப்பட்டவர்கள் உண்டு. முடிவெடுக்காமல் இருந்ததற்காக விசாரிக்கப்பட்டவர் ஒருவரையும் நான் அறியேன்.

இதற்கு ஒரே ஒரு சான்று போதும். 1982-இல் லா ஃபோன்டெய்ன் குழு விமானப்படையின் விபத்துகளை ஆராய்ந்து, இளம் விமானிகளுக்கு உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம் ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. மெதுவான பயிற்சி விமானத்திலிருந்து இறங்கிய இளைஞன் நேராக, மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் தரையிறங்கும் மிக்-21-இல் ஏறிக்கொண்டிருந்தான். இடையில் ஒரு படி இல்லை. அந்தப் படியை வாங்க, அதாவது பிரிட்டனின் ஹாக் விமானத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட, 2004 ஆயிற்று. விமானங்கள் முறைப்படி சேர்க்கப்பட்டது 2008-இல். 1982-இல் பிறந்த குழந்தை அந்த இடைவெளிக்குள் வளர்ந்து, படித்து, விமானியாகி, மிக்-21-இல் பறந்திருக்க முடியும். 2012-இல் பாதுகாப்பமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் அளித்த கணக்கின்படி, வாங்கப்பட்ட 872 மிக் விமானங்களில் பாதிக்கும் மேற்பட்டவை விபத்துகளில் அழிந்திருந்தன. 171 விமானிகள் இறந்திருந்தார்கள், 39 பொதுமக்களும். எல்லா விபத்துக்கும் விமானத்தின் மூப்பே காரணம் என்பது சரியன்று. பயிற்சி, பறவை மோதல், உதிரிபாகத் தரம் என்று பல உண்டு. ஆனால் பட்டியலைப் படிப்பவர்களுக்குக் காலதாமதமும் ஒரு காரணமாகத் தெரியாமல் போகாது.

*

கடற்படை போனபின் சூலூர் மீண்டும் முழுமையான பறப்புத்தளமாக உயிர்பெற்றது 1980களின் நடுவில், விமானப்படையின் கையில். அதன் 33ஆவது ஸ்குவாட்ரன் இங்கே இருக்கிறது. 'காரிபூ' என்பது அதன் செல்லப்பெயர். அறுபதுகளில் அது ஓட்டிய கனடா நாட்டுச் சரக்கு விமானத்தின் பெயர் அது. அந்த விமானம் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன; பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது அவர்கள் ஓட்டுவது 1984-இல் இந்தியாவுக்கு வரத்தொடங்கிய ஆன்டனோவ்-32.

2016 ஜூலை 22 காலை, சூலூரைச் சேர்ந்த அந்த ஸ்குவாட்ரனின் விமானம் ஒன்று 29 பேருடன் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்டது. வங்கக்கடலின் மேல் அது மறைந்துபோயிற்று. கப்பல்களும் நீர்மூழ்கியும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. ஒரு துண்டும் கிடைக்கவில்லை. தேடல் நிறுத்தப்பட்டது. ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில், சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீரடிக் கருவி, சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படமெடுத்தது. எதனால் விழுந்தது என்பதை அந்தப் படங்கள் சொல்லவில்லை. அவர்களின் குடும்பங்கள் அந்த ஏழரை ஆண்டுகளை எப்படிக் கழித்திருப்பார்கள் என்பதை எழுத எந்த நாவலாசிரியனும் இன்னும் துணியவில்லை.

ஆன்டனோவின் ஆயுளை நீட்டிக்க 2009-இல் உக்ரைனோடு ஒப்பந்தம் செய்யப்பட்டிருந்தது. நூற்றுக்குச் சற்று மேற்பட்ட விமானங்கள். அவற்றில் 40 உக்ரைனிலும் மற்றவை கான்பூரிலும் புதுப்பிக்கப்படவேண்டும். 2014-இல் கிரிமியாவில் ரஷ்யப் படைகள் நுழைந்தன. உக்ரைனின் தொழிற்சாலைகளிலிருந்து வரவேண்டிய பொருள்களின் வரத்து தடுமாறியது. கான்பூர்க் கிடங்கிலும் சூலூர்க் கொட்டகையிலும் ஒருவர் கையில் ஸ்பானருடன் காத்திருப்பதற்கு, கருங்கடலோரத்துப் போர் ஒன்று காரணமாகிவிடுகிறது. பழையதை ஓட்டுவது சிக்கனம், சுயசார்பு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் பழைய இயந்திரத்தைப் போல நம்மைப் பிறர் கையில் ஒப்படைப்பது வேறொன்றில்லை. அதைச் செய்தவன் கடையை மூடிவிட்டால் நம் கதி அதோகதி.

சூலூர் என்றவுடன் பலருக்கு நினைவுக்கு வருவது 2021 டிசம்பர் 8. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்துடன் சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய எம்.ஐ-17 வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. அதிலிருந்த 14 பேரும் உயிரிழந்தார்கள். அதையும் இந்த வாதத்துக்குள் இழுத்துப்போட எனக்கு மனமில்லை. அது 2012 முதல் சேவைக்கு வந்த, புதிதென்றே சொல்லத்தக்க வகை. இயந்திரக் கோளாறு இல்லை என்றும், எதிர்பாராமல் மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்து விமானி திசையுணர்வு இழந்தார் என்றும் விசாரணை கூறியது. நீலகிரியின் மேகம் புதிய இயந்திரம், பழைய இயந்திரம் என்று பார்ப்பதில்லை.

*

இனி தேஜஸ். 1983-இல் மிக்-21க்கு மாற்றாக இலகுரகப் போர்விமானம் ஒன்றை நாமே செய்வது என்று அரசு முடிவெடுத்தது. அது 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்தது. 2003-இல் பெயர் பெற்றது. முதல் ஸ்குவாட்ரன் 2016 ஜூலையில் பெங்களூரில் உருவாகி, 2018-இல் சூலூருக்கு வந்தது. முடிவுக்கும் முதல் ஸ்குவாட்ரனுக்கும் இடையே 33 ஆண்டுகள்.

இந்தத் தாமதத்தை ஏளனம் செய்வது எளிது; ஏளனக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வேர் எங்கே என்று பார்க்கவேண்டும். 1961-இலேயே நாம் ஒரு ஜெட் போர்விமானத்தைப் பறக்கவிட்டிருந்தோம். ஜெர்மானியப் பொறியாளர் குர்ட் டாங்க் பெங்களூரில் வந்தமர்ந்து உருவாக்கிய மாருத். அழகான உடல், அதற்கேற்ற இதயம் கிடைக்கவில்லை. நாட் என்ற குட்டி விமானத்தில் பொருத்திய ஆர்ஃபியஸ் வகை என்ஜின்கள் இரண்டை வைத்து ஒப்பேற்றினார்கள். ஒலியின் வேகத்தைத் தாண்ட வடிவமைக்கப்பட்டது தாண்டாமலே ஓய்வுபெற்றது. 147 விமானங்களோடு உற்பத்தி நின்றது. அடுத்ததை உடனே தொடங்காததால், கற்றவர்கள் கலைந்துபோனார்கள். தேஜஸ் தொடங்கியபோது கிட்டத்தட்ட அகரத்திலிருந்து மீண்டும் எழுதவேண்டியிருந்தது. இம்முறையும் என்ஜினே காலை வாரியது. உள்நாட்டுக் காவிரி என்ஜின் போதிய உந்துவிசை தரவில்லை. 2008-இல் அதை விமானத்திலிருந்து பிரித்துவிட்டு, அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஃப்-404-ஐ நம்பினார்கள். காவிரி என்ற பெயருக்கும் நீர்வரத்துக்கும் உள்ள பொருத்தத்தைப் பற்றிக் கொங்குநாட்டவர்கள் ஏதும் சொல்லவேண்டியதில்லை.

2020 மே 27 அன்று, பெருந்தொற்று ஊரடங்கின் நடுவே, சூலூரில் இரண்டாவது தேஜஸ் ஸ்குவாட்ரன் தொடங்கப்பட்டது. அதற்குத் தரப்பட்ட எண் 18. அந்த எண்ணைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. 1965-இல் நாட் விமானங்களோடு உருவான ஸ்குவாட்ரன் அது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில், தாக்கவந்த சேபர் விமானங்களை ஒற்றை நாட்டில் எழுந்துபோய் எதிர்கொண்டு இறந்த நிர்மல்ஜித் சிங் செகோன் அதைச் சேர்ந்தவர். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே மனிதர். நாட் போய் அஜீத் வந்தது. அஜீத் போய் மிக்-27. 2016-இல் மிக்-27களும் ஓய்வுபெற, பதிலுக்கு விமானம் இல்லாமல் ஸ்குவாட்ரன் வெறும் எண்ணாக உறைந்தது. வீரர்கள் வேறிடங்களுக்குப் பிரிந்தார்கள். நான்காண்டுகள் ஒரு பெயரும் ஒரு நினைவும் விமானமின்றி அலமாரியில் இருந்தன. தலைமுறை மாற்றம் ஒரு ஆண்டு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வெற்று எண்ணைவிடத் தெளிவான சான்று கிடையாது. 42 ஸ்குவாட்ரன்கள் இருக்கவேண்டிய விமானப்படை, 2025 செப்டம்பரில் 29க்கு இறங்கியது.

அந்தச் செப்டம்பரில் நடந்த இரு நிகழ்ச்சிகளின் தேதிகள் என்னை வெகுநேரம் யோசிக்கவைத்தன. 25ஆம் தேதி, மேலும் 97 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு 62,370 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 26ஆம் தேதி, சண்டிகரில் கடைசி மிக்-21கள் பறந்திறங்கி விடைபெற்றன. வாரிசுக்கான பத்திரம் மரணத்துக்கு முந்தைய நாள் எழுதப்படுவதுபோல. முதல் 83 விமானங்களுக்கான 2021 பிப்ரவரி ஒப்பந்தம் ஏற்கெனவே இருந்தது. அதன்படி 2024 தொடக்கத்திலேயே அவை வரத்தொடங்கியிருக்கவேண்டும். அமெரிக்காவில் அந்த என்ஜினின் உற்பத்தி வரிசை இடையில் நின்றிருந்தது. அதை மீண்டும் ஓடவைத்து முதல் என்ஜினை அனுப்ப 2025 மார்ச் ஆயிற்று. 2025 முடியும்போதும் மார்க்-1ஏ ஒன்றுகூட விமானப்படையின் கையில் சேரவில்லை. அந்த ஆண்டு பெங்களூர் விமானக் கண்காட்சியில் விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங் எச்.ஏ.எல். மீது தமக்கு நம்பிக்கையில்லை என்ற பொருள்படப் பேசியது ஒளிப்பதிவாகி ஊரெங்கும் பரவியது. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நிறுவனத்துக்கு முதல் ஆணை வெறும் 40 விமானங்களாகவும் அடுத்தது பல ஆண்டுகள் கழித்தும்தான் தரப்பட்டது என்பதையும் சேர்த்தே பேசவேண்டும். பத்து மோட்டாருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, நூறுக்கான ஃபவுண்டரியை ஏன் கட்டிவைக்கவில்லை என்று கேட்கமுடியாது. கோவைத் தொழில்முனைவோர் எவரும் இதை விளங்கிக்கொள்வார்கள்.

2024 ஆகஸ்டில் சூலூரில் நடந்த 'தரங் சக்தி' கூட்டுப்பயிற்சிக்கு ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்கள் வந்திருந்தன. யூரோஃபைட்டரும் ரஃபேலும் ஒரே ஓடுபாதையில் நின்றன. 2007-இல் தொடங்கிய, 126 விமானங்களுக்கான மாபெரும் கொள்முதல் போட்டியின் இறுதிச்சுற்றில் எஞ்சிய இரண்டும் அவைதாம். 2012-இல் ரஃபேல் வென்றது. மூன்றாண்டுப் பேரத்துக்குப் பின் அந்தக் கொள்முதலே கைவிடப்பட்டு, 36 மட்டும் வாங்கப்பட்டன. தோற்றவரும் வென்றவரும் விருந்தினர்களாக வந்திருந்த மைதானத்தில், வீட்டுக்காரராகத் தேஜஸ் நின்றது. அந்தக் காட்சியில் சிறுமையும் இல்லை, பெருமிதமும் முழுமையாக இல்லை.

2025 நவம்பர் 21 அன்று துபாய்க் கண்காட்சியில் தேஜஸ் ஒன்று தரையில் மோதி, விங் கமாண்டர் நமன்ஷ் ஸ்யால் இறந்தார். இமாச்சலப் பிரதேசத்துக்காரர். அவர் உடல் முதலில் வந்திறங்கியது சூலூரில்தான். விமானப்படை விசாரணைக்கு உத்தரவிட்டது. அன்றிரவே சமூக ஊடகங்களில் காரணம் கண்டுபிடித்தவர்களின் எண்ணிக்கை என்னைக் கூசவைத்தது. ஒரு தரப்புக்கு அந்த மரணம் உள்நாட்டு விமானத்துக்கு எதிரான சாட்சி. மறுதரப்புக்கு அதைப்பற்றிப் பேசுவதே துரோகம்.

*

இந்தக் கதையில் கோயமுத்தூரின் பங்கு இப்போது மெல்ல மாறிவருகிறது. 2025 ஜூலையில், மலுமிச்சம்பட்டியில் உள்ள லார்சன் அண்டு டூப்ரோவின் ஆலையில் செய்யப்பட்ட தேஜஸ் மார்க்-1ஏ-வின் முதல் ஜோடி இறக்கைகள் எச்.ஏ.எல்.இடம் ஒப்படைக்கப்பட்டன. நூற்பு இயந்திரங்களால் பெயர்பெற்ற லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் அதே விமானத்தின் காற்றுள்ளிழுப்புக் கூண்டைச் செய்கிறது. பஞ்சு நூற்க இயந்திரம் செய்த ஊர், பிறர் விமானங்களைப் பழுதுபார்த்த ஊர், இப்போது இறக்கை செய்கிறது. விமானத்தின் நடு உடல் ஐதராபாத்திலிருந்து வருகிறது. என்ஜின் இன்னும் அமெரிக்காவிலிருந்து.

சென்ற மாதம் பல்லடத்திலிருந்து திரும்பும்போது காங்கயம்பாளையம் நிறுத்தத்தில் பேருந்து சற்று நின்றது. எதிர்வெயில். மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு ஆன்டனோவ் எழுந்தது, இரண்டு காற்றாடிகளும் அந்தப் பழைய, கரகரத்த ஓசையோடு. பேருந்திலிருந்த யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்கு மாற்றாக எந்த நடுத்தரச் சரக்கு விமானம் வரவேண்டும் என்று உற்பத்தியாளர்களிடம் தகவல் கேட்டு அரசு 2022-இல் கடிதம் அனுப்பியது. விமானம் வடக்கே திரும்பி, சூலூர்க் குளத்துக்கு மேலே சிறிதாகி மறைந்தது.